சோசன்னாளின் வம்சாவளி

நவம்பர் 11

பரோன் துரை சாப்பிட உட்காருவதற்கு முன் நாற்காலிகளைக் கைத்தடியால் அளக்கிறார். இந்த வீட்டில் நான் முதலில் கவனித்தது இதுதான். மேசையின் தலைப்பக்கத்திலிருந்து தன் நாற்காலி எத்தனை தடி, மாகிஸ்டர் துரையின் நாற்காலி எத்தனை தடி என்று அளக்கிறார். மாகிஸ்டருடையது அரைத்தடி கிட்டே வந்திருந்தால் அப்பாவைக் கூப்பிட்டுப் பின்னால் தள்ளச் சொல்கிறார். இத்தனைக்கும் அந்த மேசையில் சாப்பிடுவது இவர்கள் இரண்டே பேர்.

அப்பா தள்ளிவிட்டு வந்து, "பெரிய மனுஷங்கன்னா எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கும்" என்றார். அப்பாவுக்கு இந்த வீட்டில் பட்லர் உத்தியோகம். நான் துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி தேய்க்கிறேன், துரைமார் மாட்டுகிற பொய்முடி டோப்பாக்களுக்கு அரிசி மாவு தூவுகிறேன். மழைக்காலத்தில் மாவு புழுத்துவிடுகிறது. துரைமார் தலையில் புழு நெளிவதை நான் சொல்வதில்லை. கேட்டால்தானே சொல்ல.

எழுதுகிற தாள் மாகிஸ்டர் செடி வைத்து அழுத்துகிற தாள். பூஞ்சை பிடித்ததை எறியச் சொன்னார். நான் எறியவில்லை.

நவம்பர் 12

நேற்று எழுதியதைப் படித்தால் நான் யார் என்றே இல்லை. தெபோராள், வயது பதினாறு, ஊர் தரங்கம்பாடி. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் படித்தேன். பதினோரு வயதில் ஞானோபதேசக் கேள்வி பதிலைச் சபைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். எல்லாம் மனப்பாடம். நின்றேன். வாய் திறக்கவில்லை. உபதேசியார் அப்பாவிடம், "நாக்கு வந்ததும் அனுப்புங்க" என்றார். சபை சிரித்தது. அதோடு சரி.

பேசாததில் ஒரு லாபம் உண்டு. பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று துரைமார் நினைக்கிறார்கள். நாலு வருஷமாக டென்மார்க்குக்காரர் வீடுகளில் துணி தேய்க்கிறேன். அவர்கள் பாஷை எனக்கு நன்றாகப் புரியும். அதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

நவம்பர் 16

பரோன் துரையிடம் ஒரு அச்சுப் புத்தகம் இருக்கிறது. வேதப்புத்தகம் பெட்டிக்குள், இது தலையணைக்குப் பக்கத்தில். டென்மார்க்கு ராஜா போட்ட சட்டமாம். யாருக்கு முன்னால் யார் நடக்க வேண்டும், யாருக்கு மேலே யார் உட்கார வேண்டும் என்று ஒன்பது வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் இலக்கம் போட்டிருக்கிறது. ராஜாவின் இரத்தம் எல்லா இலக்கத்துக்கும் மேலே, முதல் பக்கத்தில். தூசி தட்டும்போது பார்த்தேன். எழுத்து வேறானாலும் இலக்கம் இலக்கம்தானே.

இன்று கோயிலில் கவர்னர் துரைசானி முதலில் உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் போனால் பண்டகசாலை வியாபாரியோடு ஒட்டி நடக்க வேண்டும் என்று பரோன் துரை வெளியிலேயே நின்றார். நல்ல மழை. டோப்பா மாவு கரைந்து களியாக வழிந்து காதுக்குள் போனது. பிரசங்கம் முடியும்வரை அப்படியே நின்றார். அதை அலசி உலர்த்த எனக்கு மூன்று நாள் ஆகும்.

நவம்பர் 24

மாகிஸ்டர் என்றால் பெரிய படிப்பு படித்தவர் என்று அர்த்தமாம். இங்குள்ள செடி, சிப்பி, பூச்சி, மனிதர் எல்லாவற்றையும் எழுதி ராஜாவின் அதிசயக் கூடத்துக்கு அனுப்புகிறார். இன்று சாப்பாட்டின்போது பரோன் துரைக்கு வாசித்துக் காட்டினார். தமிழ் ஜனங்களுக்குத் தும்மல் வராதாம். மூன்று வருஷம் கூர்ந்து பார்த்தும் ஒருவர்கூடத் தும்மவில்லையாம். இந்த வெயிலில் மூக்கின் நரம்புகள் வறண்டுபோவதே காரணமாம்.

துரை முன்னால் தும்மினால் அபசகுனம் என்று அடி விழும். அதனால் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுகிறோம். கதவுக்கு வெளியே வந்து ஒருமுறை பார்த்திருந்தால் போதும். அதற்கு எழுந்திருக்க வேண்டுமே.

டிசம்பர் 3

என் தங்கை சோசன்னாளுக்கு ஒன்பது வயது. இன்று அம்மாவோடு மீன் கொண்டுவந்தவள் கொல்லைக் கிணற்றடியில் ஞானப்பாட்டு ஒன்றைக் கத்திப் பாடினாள். அவளுக்கு வெட்கம் என்பதே கிடையாது. எனக்குரியதையும் அவளுக்குரியதையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

பரோன் துரை மாடியிலிருந்து பார்த்தார். இறங்கி வந்தார். அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பல்லைப் பார்த்தார். சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு, பிப்ரவரியில் கப்பல் புறப்படும்போது இவளைக் கூட்டிக்கொண்டு போய் மகாராணியின் தாயாருக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உட்காரவே இல்லை.

"ராணியம்மா பக்கத்துல நிப்பாடீ நம்ம புள்ள. பட்டுல கவுனு. கண்ணாடி பதிச்ச மாளிகை."

அம்மா மீன் கழுவிக்கொண்டே, "குளிரும்பாங்களே" என்றாள்.

"ராஜா வீட்டுல விறகுக்கா பஞ்சம்?"

அம்மா மீனைச் சட்டியில் போட்டாள். பிறகு, "மூணு வேளையும் சோறு போடுவாங்கதான்" என்றாள்.

சோசன்னாள் அதற்குள் இடுப்பில் போர்வையைக் கட்டிக்கொண்டு கவுன் போட்டவளைப் போல் நடந்து காட்டினாள். "அக்கா, நீ என் துணியைத் தேய்ச்சுத் தர வர்றியா?"

அவள் போனால் பாயில் எனக்கு இடம் கிடைக்கும். தூக்கத்தில் உதைக்கிறாள். இருமுகிறாள். நேற்று பதினேழு முறை.

டிசம்பர் 6

மேசை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். இருவரும் புகை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாகிஸ்டர் கேட்டார்: "போனமுறை போனது எவ்வளவு நாள் தாங்கியது?"

"இரண்டு குளிர்காலம்" என்றார் பரோன் துரை. "அதற்குள் அரண்மனைச் சீமாட்டி ஒருத்தி அதைச் சாக்குக்கட்டியில் வரைந்து முடித்துவிட்டாள். நல்ல படம். நுரையீரல் போய்விட்டது."

"அதற்கு முன்பு போனது?"

"ஒன்று."

"பெண்பிள்ளை கூடுதலாகத் தாங்கலாம். எனக்கு எழுத ஒரு பொருளாகும்."

போனமுறை போனது துறைமுகக் காவல்காரர் மகன் சாமுவேல். அவன் அங்கே ராஜாவின் வீட்டில் சுகமாக இருக்கிறான் என்றுதான் அவன் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விரிப்பை மடித்தேன். மூலை சேரவில்லை. மறுபடியும் மடித்தேன்.

டிசம்பர் 7

அப்பாவிடம் சொன்னேன்.

"உனக்கு அவங்க பாஷை எங்கேருந்து வந்துச்சு?"

"கேட்டுக் கேட்டு."

"சபை முன்னால நாலு வார்த்தை வரல, டேனிஷ் வந்துருச்சாக்கும்." சிரித்தார். பிறகு சிரிக்காமல், "பொறாமைப்படாதே தெபோரா. ஒன்ன கேட்டா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? அவங்க சின்னதைத்தான் கேட்டாங்க" என்றார்.

அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். அவள் சோசன்னாளுக்குப் பாவாடையில் பூ வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 8

கஞ்சி. இஸ்திரி. மழை.

டிசம்பர் 17

ஒரு சிக்கல். ஒன்பது வகுப்பில் எதிலும் சேராத யாரையும் அந்த அரண்மனைக்குள் விடமாட்டார்களாம். நாய் வளர்ப்பவனுக்குக்கூட இலக்கம் உண்டு. பட்லர் மகளுக்கு இல்லை. போனமுறை அந்தப் பையனைக் கொல்லை வழியாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது என்று பரோன் துரை வருத்தப்பட்டார். அவன் வருத்தப்பட்டதைப் பற்றி அவருக்கு நினைவில்லை. தானும் கொல்லை வழியாகப் போக நேர்ந்ததுதான் நினைவிருக்கிறது.

ஆகவே சோசன்னாள் தஞ்சாவூர் மந்திரி ஒருவரின் பேத்தி ஆகப்போகிறாள். அதற்கு ஒரு வம்சாவளிப் பத்திரம் வேண்டும். தமிழில்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் அங்கே நம்புவார்கள். பொய் எழுதமாட்டேன் என்று உபதேசியார் மறுத்துவிட்டார். அந்த மனிதர் செய்த ஒரே நல்ல காரியம் இது. துரைமாருக்கு மொழிபெயர்க்கிற துபாஷ் வேங்கடாசலத்தைக் கேட்கலாம், ஆனால் அவர் அரை வருஷமாக இந்த வீட்டுக்கு வருவதில்லை. பரோன் துரை அவரை உட்காரவிடாமல் வாசலில் வெயிலில் நிறுத்தினாராம்.

அப்பாதான் சொன்னார்: "என் பெரிய மகள் நல்லா எழுதுவா துரை. வாய்தான் கிடையாது."

"அதுதான் வேண்டும்" என்றார் பரோன் துரை.

டிசம்பர் 20

எழுதத் தொடங்கினேன். பரோன் துரை சொல்ல, அப்பா தமிழாக்க, நான் எழுத வேண்டும். இரண்டு பேருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. மாகிஸ்டர் எட்டிப் பார்த்து, எழுத்துகள் இறால் மாதிரி இருக்கின்றன என்று தன் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

"மந்திரி" என்றார் பரோன் துரை. கொஞ்ச நேரம் யோசித்தார். புத்தகத்தைப் புரட்டினார். தன் இலக்கத்தைப் பார்த்தார், பிறகு கீழே விரலை ஓட்டினார். "சின்ன மந்திரி என்று எழுதச் சொல். மூன்றாம் வகுப்பு. எனக்கு ஒரு வகுப்பு கீழே. அதுவே அதிகம்."

"மந்திரியில சின்னது எழுதும்மா" என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவருக்கு ஏழு கடல் பயம் இல்லை, புலி பயம் இல்லை. ஒரே பயம்தான்.

டிசம்பர் 23

சோசன்னாள் இருபத்திரண்டு முறை இருமினாள். மார்கழிப் பனி இதற்கே இப்படி.

மத்தியானம் மாவு தூவும்போது பரோன் துரை எதிரே இருந்தார். பத்திரம் எழுதியாயிற்றா என்று சைகையால் கேட்டார். இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினேன். கண்ணில் மாவு விழுந்துவிட்டது அவருக்கு. நான் வேண்டுமென்று போடவில்லை.

டிசம்பர் 29

பத்திரம் முடிந்தது. அப்பா சொன்னதையெல்லாம் எழுதினேன். ஒரு வார்த்தை விடவில்லை. அடியில் நாலு விரல் இடம் மிச்சமிருந்தது. காலியாக விட்டால் அசிங்கமாக இருக்கும் என்று அதையும் நிரப்பினேன்.

பரோன் துரை படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நான் படிக்கமாட்டேன், அப்பாவால் படிக்க முடியாது. மடித்தார். சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி, தன் குடும்ப முத்திரையைக் குத்தினார். இதில் உள்ளது சத்தியம் என்று ராஜாவின் பெயரால் வெளியில் கையெழுத்தும் போட்டார். ராஜா பெயரால் மூடிய கடிதத்தைச் சபையில்தான் உடைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மூன்று ராஜாக்கள் திருநாளில் கவர்னர் வீட்டில் மத்தியான விருந்து. அங்கே துபாஷ் உடைத்து, மொழிபெயர்த்து வாசிப்பார். எல்லோரும் கேட்க வேண்டும், அதிலும் கவர்னர் துரைசானி கேட்க வேண்டும் என்று பரோன் துரைக்கு ஆசை.

ஜனவரி 1

சோசன்னாள் குனிந்து வணங்கப் பழகுகிறாள். எங்கள் வீட்டுக் கோழிக்கு எட்டுமுறை வணங்கினாள்.

ஜனவரி 6

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கவர்னர் வீட்டில் இருபது பேர். கவர்னர் ஒரு கோடியில், துரைசானி மறு கோடியில், அவளுக்கு வலது கைப்பக்கம் பரோன் துரை. சோசன்னாளுக்கு வெள்ளை மாவு போட்டு, நீலக் கவுன் மாட்டி, அப்பா பக்கத்தில் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். நான் கைக்குட்டைத் தட்டு ஏந்தித் தூணோரம் நின்றேன். கவர்னர் வீட்டு நாற்காலியை யாரும் அளக்கவில்லை. அளந்த மாதிரியே இருந்தது.

சூப்பு வந்தது. பரோன் துரை எழுந்து பேசினார். பிறகு துபாஷ் வேங்கடாசலம் முன்னால் வந்து அரக்கை உடைத்தார். முதலில் மனசுக்குள் படித்தார். தலை தூக்கி அறை முழுக்கத் தேடி, என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு டேனிஷில் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி வாசித்தார்.

சின்ன மந்திரி, அவர் மகன், மகன் வழிப் பேத்தி. பரோன் துரை தலையை ஆட்டினார். துபாஷ் நிறுத்தவில்லை.

"அந்த மந்திரி மணந்தது தஞ்சாவூர் அரசகுலத்துப் பெண்ணை. நூற்று முப்பது வருஷத்துக்கு முன் இந்தத் தரங்கம்பாடியை டென்மார்க்கு ராஜாவுக்குக் கொடுத்த மகாராஜாவின் நேர் இரத்தம் இந்தப் பெண். இந்தக் கோட்டை நிற்பது இவள் பாட்டனார் மண்ணில்."

எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் நாற்காலிகள் மீது போனது. சோசன்னாளைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

கவர்னர் துரைசானிதான் முதலில் பேசினாள். குரல் இனிப்பாக இருந்தது. "பரோன் அவர்களே, ராஜ இரத்தம் எத்தனையாவது வகுப்பு?"

பரோன் துரை வாயில் ஒன்றும் வரவில்லை. அந்த மாதிரி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"வகுப்புகளுக்கு மேலே" என்றார் மாகிஸ்டர். கேட்டால் பதில் சொல்லிப் பழகிவிட்டவர்.

"அப்படியானால் நான் அவளுடைய இடத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறேன்." துரைசானி எழுந்துவிட்டாள். அவள் எழுந்ததும் எல்லோரும் எழ வேண்டியதாயிற்று. சோசன்னாளைக் கூட்டிவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். துரைசானி வலது பக்கத்துக்கு நகர்ந்தாள். பரோன் துரை ஒரு இடம் கீழே போனார். அவருக்குக் கீழே இருந்தவன் இன்னொரு இடம் என்று, மேசை முழுக்க நகர்ந்தது. கடைசியில் பண்டகசாலை வியாபாரிக்கு நாற்காலியே இல்லாமல் போயிற்று. அவர் சூப்புக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றார்.

கவர்னர் பரோன் துரையிடம் மெதுவாகக் கேட்டார்: "இதில் உள்ளது உண்மைதானே? ராஜாவின் பெயரால் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

இல்லை என்றால் ராஜாவின் பெயரால் பொய் சொன்னவர். அதற்கு அவர்கள் ஊரில் பரோன் பட்டமே பறிபோகும்.

"உண்மை" என்றார் பரோன் துரை.

"அப்படியென்றால் கப்பலில் பெரிய அறை இளவரசிக்குத்தான். நீங்கள் மாலுமிகளோடு. கோபன்ஹேகனில் இறங்கும்போதும் அவர் முன்னால், நீங்கள் பின்னால்" என்றார் கவர்னர்.

சூப்பு ஆறி ஆடை படிந்துவிட்டது. சோசன்னாள் மட்டும்தான் குடித்தாள். கிண்ணத்தைத் தூக்கி உறிஞ்சினாள். வழக்கமில்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் இலக்கம் போதவில்லை.

ஜனவரி 7

"என்ன எழுதின?" என்றார் அப்பா.

"நீங்க சொன்னதுதான்."

"மகாராஜான்னு நான் சொல்லல."

"இடம் மிச்சமிருந்துச்சு."

அடிக்கக் கையை ஓங்கினார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். வெளியே வைத்த கவுனில் மழை பெய்துகொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஜனவரி 10

பரோன் துரை மூன்று நாளாக அறையை விட்டு வரவில்லை. கப்பல் மாதிரி ஒரு படம் போட்டு, பெரிய அறையிலிருந்து மாலுமிகள் படுக்கிற இடம் எத்தனை தடி என்று அளந்துகொண்டிருக்கிறார். மாகிஸ்டர் சமாதானம் சொன்னார்: "பெண் சிறியவள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அறை உங்களுக்குத்தான்."

"அதுவரை?" என்றார் பரோன் துரை.

பிள்ளை செத்துப்போகலாம் என்பது அவருக்கு ஒரு விஷயமாக இல்லை. அதற்குள் எத்தனை நாள் அவளுக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்பதுதான் விஷயம். இவர்களை நான் வெறுக்கக்கூட இல்லை. வெறுக்க ஏதாவது கொஞ்சம் பெரியதாக இருக்க வேண்டும்.

ஜனவரி 14

முடிவாகிவிட்டது. அந்நிய ராஜகுலத்துப் பெண்ணை அவள் மன்னரின் சம்மதம் இல்லாமல் கப்பலேற்றுவது டென்மார்க்கு மகுடத்துக்கு மரியாதை அல்ல என்று பரோன் துரை கவர்னருக்குக் கடிதம் எழுதினார். கவர்னர் உடனே சம்மதித்தார். பாட்டனார் மண் என்று சொன்ன நாளிலிருந்து அவருக்கும் சோசன்னாள் கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ராஜகுலத்தான் பட்லர் வேலை செய்யக்கூடாதாம். என்னையும்தான்.

ஜனவரி 15

தாள் பத்து மிச்சம் இருக்கிறது. சின்னதாக எழுத வேண்டும்.

பிப்ரவரி 4

காலையில் கப்பல் போயிற்று. மகாராணியின் தாயாருக்கு வைக்கோல் திணித்த ஒரு கூழைக்கடாவும், நூற்று நாற்பது சிப்பியும் போகின்றன. பெரிய அறை பரோன் துரைக்கு. கூழைக்கடாவுக்கு வகுப்பு கிடையாது.

கரையில் சாமுவேலின் அம்மா ஒரு மாலுமியிடம், மகனுக்கு என்று ஒரு பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வாங்கிப் பைக்குள் போட்டான். நான் அவளிடம் போய் நின்றேன். வாய் திறக்கவில்லை. அவள், "என்ன தாயி?" என்றாள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சோசன்னாள் பாய்மரம் மறையும்வரை மணலில் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "நீதான் எழுதிக் கெடுத்த. எனக்குத் தெரியும். நீ போகாத எடத்துக்கு யாரும் போகக்கூடாது ஒனக்கு" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"நீ ஊமையாவே இருந்திருக்கலாம்."

என் முகத்தில் துப்பினாள். பிறகு இருமல் வந்து குனிந்துகொண்டாள். ஆறு, ஏழு, எட்டு.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுக்கு இடிக்க உரலை இழுத்தேன்.